துரு தண்ணீரில் இல்லை, கம்பியில்! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீடு மேடவாக்கத்தில், போர் தண்ணீர்தான். ஆர்.ஓ. மெஷின் வாங்கி ஒன்றேகால் வருஷம் ஆகிறது. போன வாரம் 'ஃப்ரீ செக்கப்' என்று வந்தவர் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுத்தார், டம்ளர் முழுக்கத் துரு நிறமாகிவிட்டது. ஃபில்டர் தண்ணீரும் லேசாக மஞ்சளானது. மெம்பரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) உட்பட எல்லாவற்றையும் மாற்ற 6,500 ரூபாய் கேட்கிறார். மாமியார் பயந்துபோய் இனி கேன் தண்ணீர்தான் என்கிறார். என்ன செய்ய?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: முதலில் மாமியாரைச் சமாதானப்படுத்துங்கள். அந்தத் துரு உங்கள் தண்ணீரில் இருந்ததல்ல, அவர் கொண்டுவந்த கம்பியில் இருந்தது. கரண்ட் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து தண்ணீரில் இறங்குகிறது, அவ்வளவுதான். உப்பு அதிகமிருந்தால் கரண்ட் நன்றாகப் பாயும், நிறமும் சட்டென்று மாறும். எங்கள் வீட்டிலும் ஒருவர் இந்த வித்தையைக் காட்டினார். அவர் 'சுத்தமான தண்ணீர்' என்று வைத்திருந்த டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு இப்போது கம்பியை விடுங்கள் என்றேன், அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

அதற்காக மெஷினைத் தொடாமலே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது (டி.டி.எஸ்.) என்று காட்டும், பேனா மாதிரி ஒரு மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் மாதம் ஒரு தடவை அளந்து காலண்டரில் எழுதி வையுங்கள். உள்ளே 900, வெளியே 70 என்றால் 92 சதவீத உப்பு நிற்கிறது, மெம்பரேன் நன்றாகவே இருக்கிறது. அதே 900-க்கு வெளியே 250 என்று ஏறினால் அது களைத்துவிட்டது என்று யோசிக்கலாம், ஆனால் அப்போதும் அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் பல மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் உப்புத் தண்ணீரைக் கலந்துவிடும் ஒரு சின்னத் திருகு இருக்கும், டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்பார்கள், அதை மூடிவிட்டு அளந்தால்தான் மெம்பரேனின் உண்மையான நிலைமை தெரியும். டேங்க் நிறைய முன்பைவிட ரொம்ப நேரமாகிறதா என்பதையும் கவனியுங்கள்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் வேறு. வெளியே மாட்டியிருக்கும் வெள்ளை ஃபில்டரைப் போர் தண்ணீருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், அதற்கு முன்பே பழுப்பேறினால் உடனே. கார்பன் ஃபில்டரை வருஷம் ஒருமுறை. கோடையில் போர் வற்றி லாரித் தண்ணீர் வாங்கினால் அதில் குளோரின் இருக்கலாம், குளோரின் மெம்பரேனை அரித்துவிடும், அதைத் தடுப்பது இந்தக் கார்பன்தான். விலை குறைந்த இவை இரண்டையும் மாற்றாமல் விட்டுத்தான் பல பேர் விலை அதிகமான மெம்பரேனைச் சீக்கிரம் இழக்கிறார்கள். எதை மாற்றினாலும் பழையதை வாங்கி வைத்துக்கொண்டு, புதியதன் மேல் மார்க்கரில் தேதி எழுதச் சொல்லுங்கள். தேதி எழுதத் தயங்குகிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர், டி.டி.எஸ். மீட்டரில் 45 காட்டுகிறது. மகன் ஆர்.ஓ. வாங்கியே தீருவேன் என்கிறான்.
– வாசகர், கோவை

பதில்: சிறுவாணி வருகிற வீட்டில் ஆர்.ஓ.வா! குடிநீருக்கான இந்தியத் தர அளவே கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை சரி என்கிறது. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2019-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. ஆனால் 45 என்பது உப்பின் கணக்கு மட்டும், கிருமி அந்த மீட்டரில் தெரியாது. குழாய் உடைப்பிலோ மேல்நிலைத் தொட்டியிலோ கிருமி சேரலாம், அதனால் கொதிக்க வைத்துக் குடியுங்கள், இல்லை, புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யு.வி. ஃபில்டர் போதும். அதன் விளக்கு எரிகிறதே என்று பல வருஷம் ஓட்டாதீர்கள். வெளிச்சம் இருக்கும், கிருமியைக் கொல்லும் வீரியம் குறைந்திருக்கும். தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்பதையும் மகனிடமே கேளுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறேன், கறிவேப்பிலை நுனி கருகுகிறது. அதனாலா?
– வாசகி, திருப்பூர்

பதில்: பெரும்பாலும் அதனால்தான். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் போல வெளியே போகிறது, உப்பெல்லாம் அதில் சேர்கிறது. 900-ஆக உள்ளே போனது 1,200-ஐ நெருங்கி வெளியே வரும். தொட்டிச் செடியில் அந்த உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். வீடு துடைக்க, பாத்திரத்தை முதல் அலசு அலச, டாய்லெட்டுக்கு என்று ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக்கு மழைத் தண்ணீர் கிடைக்கும்போது இரண்டு மூன்று தடவை தாராளமாக ஊற்றி, அடித் துளை வழியாக வடியவிடுங்கள், மண்ணில் சேர்ந்த உப்பு இறங்கிவிடும்.

கேள்வி: ஒரு மாதம் ஊருக்குப் போகிறோம். மெஷினை என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, டேங்க்கைக் காலி செய்துவிட்டுப் போங்கள். வந்ததும் முதல் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்காமல் துணி ஊறவைக்க எடுத்துக்கொள்ளுங்கள்.