வெர்வோர்ட் எண்ணியது நிறைவேறியதா?

கேள்வி: தென்னாபிரிக்காவின் நிறவொதுக்கலை வடிவமைத்தவர் எனப்படும் பிரதமர் ஹென்ட்ரிக் வெர்வோர்ட், தமது கொள்கையை எவ்வளவு தூரம் நிறைவேற்றினார்? உயர்தர வகுப்பில் வரலாறு படிக்கும் என் மகள் கேட்கிறாள்.
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: சட்டத்தாலும் பொலிஸாராலும் செய்து முடிக்கக்கூடியவற்றை அவர் பெரும்பாலும் செய்து முடித்தார், ஆனால் எதற்காக அவற்றைச் செய்தாரோ அந்த இலக்கை அவர் நெருங்கவே இல்லை என்பதே என் முடிவு.

1950இல் சுதேச விவகார அமைச்சராகவும் 1958 முதல் பிரதமராகவும் இருந்த வெர்வோர்ட்டின் கையில், ஆபிரிக்கர் ஒருவர் எங்கே வசிக்கலாம், எங்கே வேலை செய்யலாம், என்ன படிக்கலாம் என்பதெல்லாம் அரசின் தீர்மானமாயின. பதினாறு வயதைக் கடந்த ஆபிரிக்கர் எந்நேரமும் பாஸ் புத்தகம் எனும் அடையாள, அனுமதிப் பத்திரத்தை வைத்திருக்க வேண்டும். அதில் முதலாளி மாதந்தோறும் கையொப்பமிட வேண்டும். கேட்டவுடன் காட்டத் தவறினால் சிறை. இந்தச் சட்டத்தை எதிர்த்து 1960 மார்ச் 21ஆம் திகதி ஷார்ப்வில்லில் கூடியவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் 69 பேர் இறந்தனர். அடுத்த மாதமே ஆபிரிக்கரின் விடுதலை இயக்கமான ஆபிரிக்க தேசிய காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. 1961இல் நாடு குடியரசாகிப் பொதுநலவாயத்திலிருந்தும் வெளியேறியது. குடியரசு அவர் நெடுநாள் விரும்பியது. 1966 தேர்தலில் அவரது கட்சி முன்னெப்போதும் இல்லாத வெற்றியைப் பெற்றது. வெள்ளையரின் அதிகாரத்தை நிலைநிறுத்துவதே நோக்கம் என்றால், அந்தக் காலத்தில் அவர் வென்றார் என்றே சொல்ல வேண்டும்.

நம்மவரும் இதற்கு விலை கொடுத்தார்கள். டர்பனின் கேட்டோ மேனரில் தோட்டம் வைத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், அப்பகுதி வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டதால் சாட்ஸ்வர்த்துக்கு அப்புறப்படுத்தப்பட்டன. வீடுகள் இடிக்கப்பட்டன, கோயில்கள் சில மட்டும் எஞ்சின.

ஆனால் வெர்வோர்ட் சொன்ன இலக்கு முழுப் பிரிவினை. ஆபிரிக்கர் இனக்குழு வாரியாக ஒதுக்கப்பட்ட தத்தம் 'தாயகங்களில்' தன்னாட்சி பெறுவர், 1978 அளவில் நகரங்களுக்கு வரும் கூட்டம் திரும்பிப் போகத் தொடங்கும் என்றார். இதற்காக 1959இல் சட்டம் இயற்றி, 1963இல் அத்தாயகங்களுள் ஒன்றான டிரான்ஸ்கைக்கு உள்ளகத் தன்னாட்சியும் கொடுத்தார். பெரும்பான்மை மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலமோ நாட்டின் 13 வீதம் அளவே. அந்த நிலத்தில் மக்கள் பிழைக்க வேண்டுமானால் பத்தாண்டுகளில் 10 கோடி பவுணுக்கு மேல் செலவிட வேண்டும் என்று இதை ஆராய அரசே நியமித்த டொம்லின்சன் ஆணைக்குழு கூறியது. வெர்வோர்ட் அத்தொகையைக் கொடுக்கவில்லை. வெள்ளையர் தம் முதலீட்டோடு அங்கே தொழில் தொடங்குவதையும் ஏற்கவில்லை. தாம் வகுத்த திட்டத்துக்கே உரிய விலையைக் கொடுக்க மறுத்தவர் அவர். தோல்விக்கு முதற்காரணம் இதுவே என்பேன். மறுபுறம் 1960களில் வேகமாக வளர்ந்த சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் வெள்ளையரின் சமையலறைகளும் ஆபிரிக்கரின் உழைப்பின்றி ஒருநாளும் ஓடவில்லை. வெள்ளையர் பகுதி எனப்பட்ட இடங்களிலும் ஆபிரிக்கரே பெரும்பான்மையினராக இருந்தனர்.

கல்வியைப் பற்றி மகளிடம் தனியாகச் சொல்லுங்கள். குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மேல் ஆபிரிக்கருக்கு வெள்ளையர் சமூகத்தில் இடமில்லை என்று வெளிப்படையாகவே கூறி, 1953ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர்களது பாடசாலைகளைத் தமது அமைச்சின் கீழ்க் கொண்டுவந்தார். அடங்கிய தலைமுறையை உருவாக்க அமைந்த அப்பாடசாலைகளிலிருந்துதான் 1976 ஜூன் 16ஆம் திகதி ஜொஹன்னஸ்பர்க்கை அடுத்த ஆபிரிக்கர் குடியிருப்பான சொவெட்டோவின் மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வீதிக்கு வந்தார்கள்.

வெர்வோர்ட் 1966 செப்டெம்பர் 6ஆம் திகதி பாராளுமன்றத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். 1976இல் டிரான்ஸ்கைக்கு அளிக்கப்பட்ட 'சுதந்திரத்தை' தென்னாபிரிக்காவைத் தவிர உலகின் எந்நாடும் அங்கீகரிக்கவில்லை. பாஸ் சட்டங்களை 1986இல் அவரது கட்சியின் அரசே நீக்கியது.