கேரட்டின் சொந்த நிறம் எது? கேள்விகளும் பதில்களும்

நீலகிரியில் கேரட் போடும் குடும்பத்தில் பிறந்தவள் நான். அதனால் கேரட் என்றாலே கேள்விகளை என்னிடம் தள்ளிவிடுகிறார்கள். இந்த முறை வந்தவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, ஆதியில் கேரட் ஊதா நிறத்தில் இருந்ததாமே, உண்மையா?

உண்மைதான். ஆப்கானிஸ்தான், பாரசீகப் பக்கம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராகத் தொடங்கியபோது கேரட்டில் ஊதாவும் மஞ்சளும்தான் இருந்தன. அரேபியர் வழியாக அது ஸ்பெயினுக்குப் போனது. 12-ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னு அல்-அவ்வாம், தன் வேளாண்மை நூலில் கேரட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆரஞ்சு நிறம் வேரூன்றியது 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், நெதர்லாந்துப் பக்கத்தில். ஊதாவில் ஒரு சங்கடம் உண்டு. அதன் சாயம் தண்ணீரில் கரையும், போட்ட சூப் முழுக்க நிறம் மாறிவிடும். ஆரஞ்சின் நிறமியான கரோட்டின் தண்ணீரில் கரையாது, சட்டியையும் கெடுக்காது. 'ஆரஞ்சு' என்ற பெயர் கொண்ட டச்சு (நெதர்லாந்து) அரச குடும்பத்தைப் பெருமைப்படுத்தவே ஆரஞ்சு கேரட்டை உருவாக்கினார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது, தயவுசெய்து பரப்பாதீர்கள்.

டெல்லியில் குளிர்காலத்தில் கிடைக்கும் சிவப்பு கேரட் ஊட்டி கேரட்டின் சொந்தமா?

ஒரே இனம், கிளை வேறு. அந்தச் சிவப்பு, தக்காளியில் இருக்கும் லைகோபீன் தருவது. அது ஆசிய வகை, சமவெளியிலேயே பூத்து விதை கட்டும். நம் மலை கேரட் ஐரோப்பிய வகை, நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும். கஜர் அல்வாவுக்குச் சிவப்புதான் சரி. ஈரமும் இனிப்பும் அதில் கூடுதல். வடக்கே கறுப்பு கேரட்டைக் கடுகுப்பொடியும் உப்பும் சேர்த்துத் தண்ணீரில் போட்டு வெயிலில் புளிக்கவைத்து, 'காஞ்சி' என்று குடிக்கிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள்.

தினமும் கேரட் சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா மேடம்?

முடியாது. வைட்டமின் ஏ குறைவால் மாலைக்கண் வந்திருந்தால் கேரட் உதவும். கிட்டப்பார்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த நம்பிக்கை பெரிதாகப் பரவியது இரண்டாம் உலகப் போரின்போது. இரவில் ஜெர்மன் விமானங்களை வீழ்த்திய ஜான் கன்னிங்ஹாம் என்ற பிரிட்டிஷ் விமானிக்குக் 'பூனைக்கண்' என்றே பெயர். கேரட் தின்றதால்தான் அப்படி ஒரு பார்வை என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் விமானத்துக்குள் ராடார் இருந்தது, அதை வெளியே சொல்லவில்லை. அங்கே அப்போது சர்க்கரைக்கு ரேஷன், கேரட்டோ நிறைய. 'டாக்டர் கேரட்' என்று ஒரு பொம்மையை வரைந்து உணவு அமைச்சகமே விளம்பரம் செய்தது.

அப்புறம் ஒன்று. கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். வெறும் வயிற்றில் ஜூஸாகக் குடிப்பதைவிட, எண்ணெயில் தாளித்துத் தேங்காய்ப்பூ போட்ட பொரியலே மேல். நம் பாட்டிமார் சமையல் இதில் சரியாகவே இருக்கிறது.

என் குழந்தைக்கு ஒரு வயது. தினமும் கேரட் மசித்துக் கொடுக்கிறேன். உள்ளங்கை மஞ்சளாகிறது, பயமாக இருக்கிறது.

முதலில் வெள்ளைவிழியைப் பாருங்கள் அம்மா. அது வெள்ளையாகவே இருந்து, உள்ளங்கையும் பாதமும் மட்டும் மஞ்சள் என்றால் பெரும்பாலும் கேரட்டின் சாயம்தான். குறைத்தால் சில வாரங்களில் போய்விடும். விழியும் மஞ்சள் என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சந்தேகம் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

கழுவிய கேரட் வாங்குவதா, மண்ணோடு இருப்பதா? ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் கசக்கிறதே?

எங்கள் வீட்டில் அறுவடை நாளில் விடிவதற்கு முன்பே டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்குவோம். மண்வெட்டியால் பாத்தியை நெம்பி, கொத்தாகப் பிடுங்கி, தழையைக் கிள்ளி மூட்டை கட்டுவோம். கழுவும் இயந்திரத்தில் உருண்டு உருண்டு, மேல்தோல் லேசாகத் தேய்ந்து, பளபளவென்று மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். பார்க்க அழகுதான். ஆனால் தோல் தேய்ந்தது சீக்கிரம் வாடும். இரண்டு நாளில் சமைப்பதென்றால் கழுவியதை வாங்குங்கள். ஒரு வாரம் வைப்பதென்றால் மண்ணோடு இருப்பதே நல்லது.

தழையோடு வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் வெட்டிவிடுங்கள். விட்டால் கிழங்கின் ஈரத்தைத் தழை உறிஞ்சிக்கொள்ளும். கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆப்பிள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கேரட்டுக்குள் கசப்புப் பொருள் உண்டாகும். தனித் தட்டில், துணியில் சுற்றி வையுங்கள்.

ஐரோப்பாவில் கேரட்டைப் பழம் என்கிறார்களாமே?

ஜாம் விதிகளில் மட்டும். போர்ச்சுகலில் கேரட் ஜாம் போடும் வழக்கம் உண்டு. ஜாம் என்றால் பழத்தில் செய்தது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்ததால், அந்த விதிக்குள் கேரட்டையும் பழமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வெட்டிய தழையை என்ன செய்வது அக்கா? விஷம் என்கிறார்களே?

விஷமில்லை. கேரட்டும் கொத்தமல்லி, சீரகம், ஓமம் எல்லாமும் ஒரே குடும்பம், கசக்கிப் பார்த்தால் வாசனையே சொல்லும். மருந்து தெளித்த தழையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இளந்தழையாக எடுத்து, தண்டை நீக்கி, உளுந்தும் காய்ந்த மிளகாயும் வறுத்து, துளி புளி வைத்துத் துவையல் அரையுங்கள். லேசான கசப்பு இருக்கும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் அது தெரியாது.