4 யூரோவுக்கு 200 'பெர்ல் நாக்ரே': முத்தா, மணியா?

பிரெஞ்சு இணையக் கடையில் 'பெர்ல் நாக்ரே' (perle nacrée) என்று பார்த்து, மொழிபெயர்ப்பில் 'முத்து' என்று வந்ததால் கேட்டிருந்தீர்கள். அது முத்து இல்லை. அந்தக் கடை 4 யூரோவுக்கு 200 என்று விற்பது முத்துப்போல் மினுங்கும் மணி. பெரும்பாலும் பிளாஸ்டிக், இல்லாவிட்டால் கண்ணாடி.

பிரெஞ்சில் முத்தும் பெர்ல்தான், கோக்கிற பாசிமணியும் பெர்ல்தான். தானியங்கி மொழிபெயர்ப்பு மரமணியைக்கூட முத்தாக்கிவிடும். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

பக்கத்தைப் பிரெஞ்சிலேயே திறந்து, பெர்லுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். 'ஃபீன்' (fine) என்றால் இயற்கை முத்து. 'த குல்த்யூர்' (de culture) என்றால் வளர்ப்பு முத்து. வளர்ப்பு முத்தை அப்படிச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது பிரான்ஸில் 2002 அரசாணை. 'நாக்ர்' (nacre) என்பது சிப்பி ஓட்டின் உள்பளபளப்பு அடுக்கு. அதே சொல்லின் r-க்கு அடுத்த e மேல் சின்னச் சாய்கோடு (é) இருந்தால் 'நாக்ரே', அதாவது வெறும் மினுமினுப்பு. அந்தக் கோட்டை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்கிற கடைகளும் உண்டு, அதனால் பொருள் எதில் செய்தது என்ற வரியையும் படியுங்கள்.

'பெர்ல் த நாக்ர்' வேறு. சிப்பி ஓட்டைக் கடைந்த மணி. போலி இல்லை, ஆனால் முத்தும் இல்லை.

கையில் வந்தபின் பல்லில் மெல்ல உரசினால் முத்து நறநறக்கும். ஆனால் இயற்கையா வளர்ப்பா என்று பல் சொல்லாது. அதற்கு எக்ஸ்ரே எடுக்கும் ஆய்வகம்தான் வழி.