அகரவரிசையில் விழுந்த நிரல்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்தில் ஒரு மீன் ஏலக் கடைக்காக ரூபி என்னும் நிரல்மொழியில் கணக்கு நிரல் எழுதிப் பராமரிக்கிறேன். டேலி கணக்கு மென்பொருளிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் கோப்புகளை லிப்எக்ஸ்எம்எல்-ரூபி என்னும் ஜெம் (ரூபியில் சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுப்பு) படிக்கிறது. டேலிக்குப் போகும் கோப்புகளை நோக்கோகிரி என்னும் இன்னொரு ஜெம் உருவாக்குகிறது. இரண்டுக்கும் அடியில் வேலை செய்வது லிப்எக்ஸ்எம்எல்2 லைப்ரரி. நோக்கோகிரியை, தனி அடைவில் நிறுவிய அதன் புதிய பதிப்போடு நானே தொகுத்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில், ஜெம்களின் பட்டியலான ஜெம்ஃபைலை அகரவரிசைப்படுத்தினேன். ஜூன் 15-இல் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து 'செக்மென்டேஷன் ஃபால்ட்' (நினைவகத்தைத் தவறாகத் தொட்டதால் வரும் முறிவு) என்று நிரல் விழுகிறது. பிழையைப் பிடிக்கும் ரெஸ்க்யூ போட்டும் பயனில்லை. நோக்கோகிரி ஏதோ பதிப்பு எண்களைச் சொல்லி எச்சரிப்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை. பில் கூடியதால் ரூபி தாங்கவில்லையோ? பைத்தானுக்கு மாறிவிடலாமா?

செ.

அன்புள்ள செ.,

தாராளமாக மாறுங்கள், அங்கே எக்ஸ்எம்எல் படிக்கப் பயன்படும் எல்எக்ஸ்எம்எல் என்பதன் அடியிலும் இதே லிப்எக்ஸ்எம்எல்2 தான் இருக்கிறது. ரெஸ்க்யூ பிடிப்பது ரூபியின் பிழைகளை. இது இயங்குதளம் அனுப்பும் சிக்னல். பில் கூடியதும் காரணமன்று. தடைக்காலத்தில் பில்லே இல்லாததால் கோளாறு வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

'எச்சரிப்பதைத் தவிர' என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். நல்ல நிரலாளர்கள்கூட எச்சரிக்கையைத் திண்ணைப் பேச்சாக எண்ணித் தாண்டிப் போவதைப் பற்றிச் சில காலமாகவே மனத்தாங்கலோடு இருக்கிறேன். எந்தப் பதிப்போடு தொகுக்கப்பட்டது, எந்தப் பதிப்பு இப்போது ஏற்றப்பட்டிருக்கிறது என்று நோக்கோகிரி இரண்டு எண்களையும் சொல்கிறது. நோய் இன்னதென்று அதுவே சொன்ன பிறகும் நீங்கள் ரூபியைச் சந்தேகிக்கிறீர்கள்!

பாம்பனில் என் சிறுவயதில், விடுப்புக்கு மாற்றாக வரும் தபால்காரர் எங்கள் தெருவின் அந்தோணிகளில் முதலில் கண்ணில் படுபவரிடம் கடிதத்தைக் கொடுத்துவிடுவார். உரியவர் மூன்று வீடு தள்ளிக் காத்திருப்பார். லைப்ரரிகளை நினைவகத்தில் ஏற்றும் லினக்ஸின் லோடரும் அப்படித்தான். இரண்டு ஜெம்களும் ஒரே பெயருள்ள லைப்ரரியைக் கேட்கும்போது, முதலில் ஏற்றப்பட்டதையே இரண்டாவதற்கும் கொடுத்துவிடுகிறது, இன்னொன்றைத் தேடுவதில்லை. ஜெம்ஃபைலில் உள்ள வரிசைப்படியே பண்ட்லர் என்னும் ரூபிக் கருவி ஜெம்களை ஏற்றும். முன்பு நோக்கோகிரி முதலில் வந்ததால் புதிய லைப்ரரி ஏறியது. பழையதை எதிர்பார்த்த லிப்எக்ஸ்எம்எல்-ரூபியும் அதில் ஓடியது. அகரவரிசையில் 'எல்' முன்னால் வந்தவுடன், கணினியோடு வந்த பழைய லைப்ரரி இடத்தைப் பிடித்துக்கொண்டது. புதியதற்கென்று தொகுக்கப்பட்ட நோக்கோகிரி அதன் கையில் அகப்பட்டது.

இது என் ஊகமாகவே இருக்க வேண்டியதில்லை. நிரல் விழும்போது ரூபி எழுதும் நீண்ட அறிக்கையின் முதல் வரியை மட்டும் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், தம்பி. கடைசிப் பகுதியில், நினைவகத்தில் ஏற்றப்பட்ட கோப்புகளின் பட்டியல் இருக்கும். அதில் லிப்எக்ஸ்எம்எல்2 எந்த அடைவிலிருந்து வந்தது என்று பாருங்கள். பிறகு நோக்கோகிரியின் தொகுத்த வடிவமான எஸ்ஓ கோப்பை, அதற்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையில் கொடுத்து, அது தனியாக எந்த அடைவைத் தேடுகிறது என்று பாருங்கள். இரண்டு பாதைகளும் வேறுபட்டால் வழக்கு முடிந்தது. எதையும் நீக்கி மறுபடி நிறுவுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் அழித்துத் தொகுத்துவிட்டால் தடயமும் அழிந்துவிடும்.

படிக்கும் வேலையையும் நோக்கோகிரியிடமே ஒப்படைத்து லிப்எக்ஸ்எம்எல்-ரூபியை நீக்கிவிடுவதே நல்லது. முடியாதென்றால் இரண்டையும் ஒரே லைப்ரரியோடு தொகுத்துக்கொள்ளுங்கள். நாளை காலை ஏலத்துக்குள் இரண்டும் நடக்காது என்றால், நோக்கோகிரி வரியை மேலே ஏற்றி, ஏன் அங்கே இருக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதிவையுங்கள்; அடுத்த தடைக்காலத்தில் மறுபடி அகரவரிசை ஆசை வரும்.