நவீன ஓவியம் புரிவதே இல்லை, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

சென்னையில் இருப்பதாகவும், கேலரிக்குள் நுழைந்தால் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேலரி கொஞ்ச நாள் இருக்கட்டும். முதலில் உங்கள் புத்தக அலமாரிக்குப் போங்கள்.

தமிழில் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நவீன ஓவியம் அந்நியம் இல்லை. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் கே.எம். ஆதிமூலம். அவர் காந்தியை வரைந்த கோட்டோவியங்கள் கிடைத்தால் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். பேனாக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக நெருங்கும் இடத்தில் நிழல் விழுகிறது, விலகும் இடத்தில் எலும்பு துருத்துகிறது. காந்தி என்று நமக்குத் தெரிந்துவிடுவதால் கோட்டைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஆளை மறந்துவிட்டுக் கோடு எங்கே அழுந்துகிறது, எங்கே சும்மா விட்டுவிட்டார் என்று மட்டும் பாருங்கள். அதே ஆதிமூலம்தான் பிற்காலத்தில் உருவமே இல்லாமல், வெறும் வண்ணப் பரப்பாகப் பெரிய கேன்வாஸ் திரைகளைத் தீட்டினார். கோட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வண்ணங்கள் மிரட்சி தராது.

அடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கம் போய் வாருங்கள், சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து 1966இல் தொடங்கியது. படம் விற்று யாரும் பிழைக்க முடியாத காலம் அது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள், அதில்தான் சாப்பிட்டார்கள். வயிற்றுப்பாட்டுக்குக் கைத்தொழில், ஓவியத்தில் யாருக்கும் கட்டுப்படாத சுதந்திரம் என்ற அந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு.

அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் பணிக்கரின் படங்களுக்கு முன்னால் நிறைய நேரம் நில்லுங்கள். 'சொற்களும் குறியீடுகளும்' என்று 1963 வாக்கில் அவர் தொடங்கிய வரிசையில் எழுத்து மாதிரி இருக்கும், ஆனால் படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் போலவும் கணக்கு நோட்டின் பக்கம் போலவும் சின்னச் சின்ன குறிகள் திரை முழுக்க நெருங்கிக் கிடக்கும். வாசித்துவிடப் பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். எங்கே வரி நெருக்கமாகிறது, எந்த மூலையில் ஒரு மீனோ பறவையோ எட்டிப் பார்க்கிறது என்று கண்ணை ஓடவிடுங்கள். படிக்க வராத ஓலைச்சுவடியைக்கூட நாம் ரசித்துப் பார்க்கிறோமே, அந்தப் பார்வை போதும்.

சிற்பங்களில் எஸ். நந்தகோபாலைத் தவறவிடாதீர்கள். பணிக்கரின் மகன். செம்பையும் பித்தளையையும் தகடாக அடித்து, ஒட்டி எழுப்பியவை. முன்னால் நின்று பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை, நம் கோயில்களில் சாமி சிலைக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசிகளைப் போல. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் அவை எவ்வளவு தட்டை என்பது தெரியும், அதையும் ஒருமுறை செய்து பாருங்கள்.

கே. ராமானுஜத்தின் மைக்கோட்டுப் படம் எங்கே கண்ணில் பட்டாலும் நகராதீர்கள். கனவு அரண்மனைகள், விநோத விலங்குகள், நடுவே பல படங்களில் தொப்பி போட்ட அவரே. நாற்பது வயதைத் தொடாமலே 1973இல் போய்விட்டார். அவர் அளவுக்கு இன்னும் பேசப்பட வேண்டிய சென்னை ஓவியர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு படத்தின் தலைப்பையும் குறிப்பையும் கடைசியாகப் படியுங்கள். ஒரே நாளில் எல்லாச் சுவரையும் முடிக்க வேண்டாம். மூன்று படம் பார்த்தால் தாராளம், மிச்சத்துக்கு இன்னொரு ஞாயிறு போய்க்கொள்ளலாம்.