நாற்றங்கால் பச்சை

அன்புள்ள ஐயா,
பணி ஓய்வுக்குப் பிறகு வாட்டர்கலர் பழகுகிறேன். நாற்றங்காலின் இளம்பச்சை மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. நீலத்தில் மஞ்சளைக் கலந்தால் பாசி நிறம்தான் மிஞ்சுகிறது. டியூபில் விற்கும் பச்சையோ பிளாஸ்டிக் குடம் மாதிரி இருக்கிறது. எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்? எந்தத் தாள் நல்லது?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

போன வாரம் முழுக்க நானும் இந்தப் பச்சையோடுதான் கிடந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தாள் வெள்ளையாக இருந்தால் போதும். உங்களிடம் இருப்பது அல்ட்ராமரின் நீலமாக இருக்கும். அதில் சிவப்புச் சாயல் உண்டு. மஞ்சளோடு சேர்ந்ததும் பச்சை மங்கிவிடும். பச்சைச் சாயலுள்ள தாலோ (Phthalo) நீலமும் லெமன் மஞ்சளும் வாங்குங்கள். மஞ்சளை முதலில் கரைத்து, அதில் நீலத்தைத் தூரிகை நுனியால் பட்டும் படாமலும் தொட்டு விடுங்கள். தாலோ பொல்லாதது. துளி கூடினாலும் மஞ்சளை விழுங்கிவிடும். விகிதமெல்லாம் கேட்காதீர்கள்.

எனக்குக் கோபம் வேறொன்றில். டியூபைப் பற்றி எழுதினீர்கள், தாளைப் பற்றிக் கேட்டீர்கள். நாற்றை எந்த நேரத்தில், எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லையே! பார்க்காமல் எதைக் கலக்கப் போகிறீர்கள்?

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா நாற்றுப் பறித்து, வேரில் சேற்றை அலசி, சிறு சிறு கட்டுகளாக முடி கட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். காலை வெயில் என் முதுகில். கையிலிருந்த நாற்றில் வானத்தின் வெளுப்பு படிந்து, சாதாரணப் பச்சையாகத்தான் தெரிந்தது. சும்மா சூரியன் பக்கம் திரும்பி அதைத் தூக்கிப் பிடித்தேன். இலை முழுக்க மஞ்சள்! நரம்புகள் கோடு கோடாகத் தெரிய, நடுவில் வெயில் ஊறி வந்தது. அப்பா கூப்பிட்டது காதில் விழவில்லை.

அந்தப் பச்சை, இலைக்குள் புகுந்து வெளியே வரும் வெளிச்சம். அதனால் வெள்ளைச் சாயத்தை மட்டும் கலந்துவிடாதீர்கள். தயவுசெய்து கலக்காதீர்கள். வெளிச்சம் அங்கேயே செத்துவிடும். தாளின் வெள்ளைதான் உங்கள் வெயில். அதன் மேல் மஞ்சளைத் தண்ணீராகப் பூசி, நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் அங்கங்கே மஞ்சளை விட்டுவிட்டு, மெல்லிய பச்சையை ஒரு தடவை ஓட்டுங்கள். பழைய கலம்காரித் துணிகளில் சில இலைகள் நீலமாக இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அவுரிச் செடியின் நீலத்தின் மேல் பூசிய மஞ்சள் காலப்போக்கில் வெளுத்துவிட்டது. மஞ்சள் போனதும் தளிரும் போய்விட்டது.

நாளைக் காலையில் ஏதாவது ஒரு நாற்றங்காலுக்குப் போய், கிழக்கே பார்த்து உட்காருங்கள். வண்ணப் பெட்டியை எடுத்துப் போக வேண்டாம். பறித்து நட்டுவிட்டால் அடுத்த விதைப்புப் பட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.