பழைய கார்பனா, புது அலுமினியமா?

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ. இரண்டு வருடமாக ஹைப்ரிட் சைக்கிள் ஓட்டுகிறேன். வார இறுதிகளில் 50, 60 கிலோமீட்டர் போவேன்; வழியில் நீளமான ஏற்றம் ஒன்று உண்டு. ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள்) வாங்க நடுத்தரமான ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறேன். அந்த விலைக்கு இரண்டு கிடைக்கின்றன. ஒன்று, பத்து வருடம் ஓடிய கார்பன் பைக்: 56 சைஸ் ஃப்ரேம், அல்டெக்ரா கியர் (ஷிமானோ நிறுவனத்தின் உயர்ரக வரிசை), ரிம் பிரேக் (சக்கர வளையத்தையே பிடிப்பது), 8 கிலோ. இன்னொன்று புது அலுமினியம்: 52 சைஸ், கார்பன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை), சோரா கியர் (அதே நிறுவனத்தின் விலை குறைந்த வரிசை), டிஸ்க் பிரேக், 10 கிலோ. "அலுமினியம் வாங்கினால் ஒரே வருடத்தில் விற்றுவிடுவாய்" என்கிறார்கள் நண்பர்கள். எதை வாங்கலாம்?

பதில்: அலுமினியத்தையே வாங்குங்கள். கார்பன் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்தப் பைக் உங்கள் சைஸில் இருந்திருந்தால் நானும் கொஞ்சம் தடுமாறியிருப்பேன். 56 என்று நீங்களே எழுதிவிட்டதால் பாதி வேலை முடிந்தது.

168 செ.மீ. உயரமுள்ளவருக்குப் பெரும்பாலும் 52-ஐ ஒட்டிய சைஸ்தான் பொருந்தும். விற்பவர் "ஸ்டெம்மை மாற்றினால் சரியாகிவிடும்" என்று சொல்லியிருப்பார். (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டுதான் ஸ்டெம்.) 100 மி.மீ. ஸ்டெம்முக்குப் பதில் 80 மி.மீ. போட்டால் ஹேண்டில்பார் 20 மி.மீ. அளவுக்குத்தான் கிட்டே வரும். அதற்கும் கீழே குறைத்தால் ஹேண்டில் சின்ன அசைவுக்கெல்லாம் திரும்பும். எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளுவது அதைவிட மோசம். சீட் எங்கே இருக்க வேண்டும் என்பதை பெடலும் முழங்காலும்தான் முடிவு செய்ய வேண்டும், ஹேண்டில்பார் அல்ல. பெரிய ஃப்ரேமில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கழுத்தும் உள்ளங்கையும் சொல்லிவிடும்.

சைஸ் எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்; ஒரு நிறுவனத்தின் 52 இன்னொன்றின் 54 ஆக இருக்கலாம். அளவு அட்டவணையில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மையத்திலிருந்து ஹெட் ட்யூபின் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) மேல்முனை எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச். ஸ்டாக்கை ரீச்சால் வகுத்தால் 1.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வருவது பொதுவாக எண்டியூரன்ஸ், அதாவது நெடுந்தூர வகை, ஓரளவு நிமிர்ந்து உட்காரலாம். 1.4 பக்கம் வந்தால் பந்தய வகை, நன்றாகக் குனிய வேண்டும். ஹைப்ரிட்டிலிருந்து வரும் உங்களுக்கு முதல் வகையே போதும்.

அடுத்து ஏற்றம். பழைய பந்தய பைக்குகளில் முன்னால் இரண்டு பல்சக்கரங்களில் 53, 39 பல் (53/39), பின்னால் அதிகபட்சம் 25 பல் என்ற அமைப்பு சகஜம். புதியதில் பெரும்பாலும் 50/34, பின்னால் 32 பல் வரை இருக்கும். (இரண்டிலும் பல்லை எண்ணிப் பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் பல்சக்கரத்திலேயே பொறித்திருக்கும்.) முன்னால் 39, பின்னால் 25 பல் உள்ள கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் பைக் சுமார் 3.3 மீட்டர் நகரும். 34-32 கியரில் 2.3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் நிமிடத்துக்கு 45 சுற்று, நின்றுகொண்டு பெடலை நசுக்குகிற நிலை. இரண்டாவதில் 66 சுற்று, உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம். அல்டெக்ரா என்ற பெயர் இந்தக் கணக்கை மாற்றாது.

எடையைப் பற்றி நண்பர்கள் நிச்சயம் பேசியிருப்பார்கள். 8 கிலோவுக்கும் 10 கிலோவுக்கும் வித்தியாசம் 2 கிலோதான், ஆனால் ஏற்றத்தில் நீங்களும் சேர்ந்துதானே ஏறுகிறீர்கள்? 78 கிலோவுக்குப் பதில் 80 கிலோ. ஒரு மணி நேர ஏற்றத்தில் சுமார் ஒன்றரை நிமிடம் தாமதமாகும். பந்தயத்தில் அது பெரிய இடைவெளி; உங்களுக்கு, மேலே காத்திருக்கும் நண்பர்கள் இன்னொரு மடக்கு தண்ணீர் குடிப்பார்கள். சமதளத்தில் கொஞ்சம் வேகமெடுத்தாலே காற்றுதான் பெரிய எதிரி. அந்தக் காற்றுத் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு பைக்கால் வருவதல்ல, உங்கள் உடலால் வருவது. உடம்புக்குப் பொருந்துகிற பைக்கில்தான் முழங்கையை மடக்கி நெடுநேரம் தாழ்ந்திருக்க முடியும்.

நான் சைஸுக்கு அடுத்தபடி பார்ப்பது டயர் இடம். பழைய ரிம் பிரேக் பைக்குகளில் பெரும்பாலும் 25 மி.மீ. டயருக்கு மேல் நுழையாது. இப்போதைய எண்டியூரன்ஸ் ஃப்ரேம்களில் 32 மி.மீ. தாராளமாகப் போகும். டயர் அகலமானால் காற்றைக் குறைத்து ஓட்டலாம். உங்கள் எடைக்கு 28 மி.மீ. டயரில் 70 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, அங்கிருந்து கூட்டிக் குறைத்துப் பாருங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்ட வேண்டாம். அலுமினியம் 'உதைக்கும்' என்ற பழைய குற்றச்சாட்டில் பெரும்பகுதி குறுகிய டயரில் காற்றை இறுக்கி அடித்ததால் வந்தது. கார்பன் ஃப்ரேம் தரும் சொகுசைவிட 3 மி.மீ. கூடுதல் டயர் தரும் சொகுசு அதிகம் என்பேன். டயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ஃப்ரேமில் இடமில்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

டிஸ்க் பிரேக் இருப்பதால் மட்டும் மயங்க வேண்டாம். இந்த விலையில் வருவது பெரும்பாலும் கேபிளில் இயங்குவது. அதிலும் பலவற்றில் டிஸ்க்கைப் பிடிக்கும் இரண்டு பேட்களில் ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும். எதிர்ப் பக்கப் பேட் தேயத் தேய அதன் திருகை நீங்களே கொஞ்சம் உள்ளே திருப்பிவிட வேண்டும். இதைச் செய்யாமல் "டிஸ்க் பிடிக்கவே இல்லை" என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரிம் பிரேக்கும் வறண்ட சாலையில் குறை சொல்ல முடியாதது, எடையும் குறைவு. மழையில்தான் ரிம்மிலிருக்கும் நீரைத் துடைத்தெடுத்த பிறகே அது பிடிக்கும், அந்த ஒரு கணம் நெஞ்சு படபடக்கும்.

கியர் வரிசை: ஷிமானோவில் கிளாரிஸ் என்றால் பின்னால் 8 பல்சக்கரம், சோரா 9, டியாக்ரா 10, அதற்கு மேல் 105 என்ற வரிசை, அதற்கும் மேல் அல்டெக்ரா. சோரா உங்களுக்குப் போதும். "இப்போது சோரா, பிறகு 105-க்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), டீரெய்லர் (செயினை நகர்த்தும் பாகம்), கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி), செயின் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும், சில சமயம் சக்கரமும் ஒத்துவராது. அந்தப் பணத்துக்குக் கொஞ்சம் சேர்த்தால் வேறு பைக்கே வந்துவிடும்.

பழையது வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. உங்கள் சைஸில் வேறொன்று கிடைத்தால் ஒரு ஸ்கேலோடு போங்கள். செயினில் 12 முழு இணைப்புகள் (உள் ஒன்றும் வெளி ஒன்றும் சேர்ந்தது ஒரு முழு இணைப்பு) புதிதில் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயின் முடிந்தது, 1/8 என்றால் கேசட்டும் சேர்ந்து முடிந்தது. அதே ஸ்கேலை ரிம்மில் பிரேக் உரசும் பரப்பின் மேல் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் குழி தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. சீட் போஸ்ட்டை மேலும் கீழும் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே இறுகிப்போயிருந்தால் எடுப்பது பெரும்பாடு. கார்பனில் ஹெட் ட்யூபின் அடிப்பக்கம், கிராங்க் பகுதி, சீட் போஸ்ட் இறுக்கும் இடம் ஆகியவற்றைத் துணியால் துடைத்து, டார்ச் அடித்து, மயிரிழை விரிசல் உண்டா என்று தேடுங்கள். ஸ்டெம் இறுக்கும் இடத்திலும் விரிசல் ஒளிந்திருக்கலாம்; அதைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் கார்பன் ஃபோர்க் உள்ள பைக் வாங்காதீர்கள்.

ஒதுக்கிய தொகை முழுவதையும் பைக்குக்கே கொடுத்துவிடாதீர்கள். இந்த வகையில் பல பைக்குகள் பெடல் இல்லாமலே வரும். ஹெல்மெட், அளவுமானியுடன் பம்ப், மாற்று ட்யூப், டயர் நெம்புகோல், பேட் வைத்த ஷார்ட்ஸ் எல்லாம் சேர்த்தால் ஒரு தொகை ஆகிவிடும். முதல் வருடத்தில் பைக்கில் எதையாவது மாற்ற ஆசை வந்தால் டயரை மாற்றுங்கள். கம்பெனி போட்டு அனுப்புவது பெரும்பாலும் கனமான, விறைப்பான டயர்.

பணம் கொடுக்கும் முன் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சீட் உயரத்தை முதலில் சரிசெய்துவிட்டு, பிரேக் லீவரின் மேல் கை வைத்தபடி ஓட்டுங்கள். முழங்கை இயல்பாக மடங்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் எட்டவில்லை என்று அர்த்தம். வாங்கிய சில வாரங்களில் புதுக் கேபிள் கொஞ்சம் இளகி கியர் தடுமாறும். அது பழுதல்ல, கேபிளை இறுக்கி கியரைச் சரிசெய்து, ஸ்போக்குகளையும் ஒருமுறை பார்த்துத் தர வேண்டும் என்று கடைக்காரரிடம் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.